அரைவட்டத்துக்குள் நின்றவள்

மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுறாங்க. நானே எழுதினா வரி மேல ஏறிப் போகுது. படிச்சா எழுத்து நகருது. போன்ல பேசலாம்னா உங்க குரல் காதுக்குள்ள ஆணி அடிக்குது. தப்பா நினைக்காதீங்க, எல்லார் குரலும் அப்படித்தான். அம்மா மெதுவாப் பேசினா மட்டும் தாங்குது. மூணு மாசத்துக்கு போன், டிவி, கம்ப்யூட்டர் எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். "அப்போ என்னதான் செய்யலாம்?"னு கேட்டேன். "சும்மா இரு"ன்னார். சும்மா இருக்கிறதே சுகம்னு சொன்னவங்களுக்கு யாரும் தலையில அடிச்சிருக்க மாட்டாங்க.

(அம்மா: பத்தொன்பது வருஷமாக கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுக்கிறேன். பச்சைப் பொய்யையும் ஒரு கமா மாற்றாமல் எழுதிப் பழக்கம். இவள் சொல்வதையும் அப்படியே எழுதுவேன். எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் அடைப்புக்குள் வரும்.)

ரூம் ஜன்னல்ல பழுப்புத் தாள் ஒட்டி, அதுக்கு மேல திரை, அதுக்கு மேல ஒரு போர்வை. பகல்ல கொஞ்சம் பழுப்பா இருட்டு, மத்த நேரம் சாதா இருட்டு. ஃபேன் ஒரு சுத்துக்கு ஒரு தடவை 'டக்'குங்குது. பதினோராயிரம் வரைக்கும் எண்ணி விட்டுட்டேன்.

எது ஞாபகம் இருக்கு, எது இல்லன்னு டாக்டர் எழுதி வைக்கச் சொன்னார். ஸ்கூல் பாஸ்கெட்பால் ஃபைனலுக்கு முந்தின வாரம் நீங்க ரெண்டு நாள் வந்தீங்க, நீல ஷூ வாங்கிட்டு வந்தீங்க. ஷூ நல்லா ஞாபகம் இருக்கு. அந்த ரெண்டு நாள்ல என்ன செஞ்சோம்னு ஞாபகம் இல்ல. ஃபைனல் அன்னிக்கு பஸ்ல ஏறினது ஞாபகம் இருக்கு. அடுத்தது ஆஸ்பத்திரி. நீங்க நாற்காலியில வாயைத் திறந்து தூங்கிட்டிருந்தீங்க. மூணு நாள் கழிச்சு லீக் ஆட்டம் இருக்குன்னு போயிட்டீங்களாம். அது அம்மா சொல்லித்தான் தெரியும்.

டீம்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் ரிங்குக்கு அடியில நின்னேனாம். எதிர் டீம் நெட்டை பந்தோட ஓடி வந்து குதிச்சு என்மேல மோதினாளாம். என் பின்மண்டை தரையில பட்ட சத்தம் கேலரி வரைக்கும் கேட்டுச்சாம். தப்பு அவ மேலன்னு பாதிப் பேர், நான் நின்ன இடம்தான் தப்புன்னு மீதிப் பேர். நெட்டை ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றா. கதவுப் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் இருட்டுல உக்காந்திருப்பா. பேச மாட்டா. சத்தம் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்கல்ல.

உங்ககிட்ட வீடியோ இருக்கு. ஊர்ல இருக்கிற ரெஃப்ரிக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் நீங்க. நான் சரியா நின்னேனா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
தூண்


மே 14

அன்புள்ள தூணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடைப்புக்குறிக்குள் குடியிருப்பவருக்கும் என் வணக்கம்.

இங்கே ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நாற்பது நடுவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஆக நாம் இருவருமே இருட்டில்தான் இருக்கிறோம். எனக்கு மட்டும் அதற்குச் சம்பளம் தருகிறார்கள். நாற்பது பேரில் இருபத்தாறு பேர் கண்ணாடி போட்டவர்கள். இதைக் கேலரியில் இருப்பவர்களிடம் சொல்லிவிடாதே.

இவர்களுக்கு நான் எடுக்கும் முதல் பாடத்தை உனக்கும் சொல்கிறேன். எதிராளியை எப்படித் தடுத்துக் காப்பது என்பதற்கு ஒரு சட்டம் இருப்பதாக உலகம் நினைக்கிறது. அப்படி எதுவும் கிடையாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே விளையாடும் பிள்ளைகள் ஆளைத்தான் ஒட்டி நின்று தடுக்க வேண்டும், ஓர் இடத்தைக் காவல் காக்கக் கூடாது. பள்ளி அணிக்கு வந்துவிட்டால் இரண்டும் செய்யலாம். சம்பளத்துக்கு ஆடும் லீக்குக்கு வந்தால், ஆளை விட்டுவிட்டு ரிங்குக்கு அடியில் சும்மா மூன்று விநாடிக்கு மேல் நின்றால் குற்றம். பள்ளி ஆட்டத்தில் ஆறடிக்குள் நெருங்கி நின்று தடுத்தால் பந்துக்காரிக்கு ஐந்து விநாடிதான் கெடு; அவள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாலும் நடுவர் எண்ணுவார். கல்லூரியில் தட்ட ஆரம்பித்ததும் எண்ணிக்கை நின்றுவிடும். லீக்கில் அந்த எண்ணிக்கையே கிடையாது. அவ்வளவு சம்பளம் வாங்குகிறவர்களை அவசரப்படுத்தினால் நன்றாக இருக்காது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். ஒரே பந்து, அதே பத்தடி ரிங், அதே மனித மண்டை. சட்டம் மட்டும் படிக்குப் படி வேறு.

இனி உன் கேள்வி. வீடியோவை இருபத்து மூன்று தடவை பார்த்தேன். நீ சரியாகத்தான் நின்றாய். இரண்டு காலும் தரையில், முகம் எதிராளியைப் பார்த்து. அவள் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே நீ அங்கே இருந்தாய். நடுவர் 'சார்ஜ்' என்றார். அதாவது ஃபவுல் மோதியவள் மேல். பள்ளி விதிப்படி அது சரியான தீர்ப்பு.

எட்டு வயதில் உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: இடத்தைப் பிடி, இரண்டு காலையும் ஊன்று, அப்புறம் என்ன வந்தாலும் நகராதே. நீ நகரவில்லை. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தொடர் முடிந்ததும் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா


மே 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதத்தை அம்மா ரெண்டு தடவை படிச்சாங்க. சம்பளம் வாங்குறவங்களை அவசரப்படுத்தக் கூடாதுங்கிற இடத்துல சிரிச்சேன், தலை வலிச்சுது. இனிமே ஜோக்குக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை போடுங்க.

(அம்மா: 'தொடர் முடிந்ததும் வருகிறேன்' என்பதை மூன்றாம் தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். நாலு வருஷமாகக் கேட்கிற வாக்கியம் என்பதால் எனக்குத் தாளே தேவைப்படவில்லை.)

இப்போ ஒரு விஷயம். போன ஞாயித்துக்கிழமை நெட்டை முதல் தடவையா பேசினா. உங்க விதிக் குழுவிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் வந்திருக்கு. ஆபத்தான ஆட்டம்னு போட்டு, ஒரு வருஷம் எங்கேயும் விளையாடக் கூடாதுன்னு தடை. இப்போதைக்குத் தற்காலிகமாம். விசாரிச்சு ஜூலையில முடிவு பண்ணுவாங்களாம். அவ பிளஸ் டூ முடிச்சுட்டா. விளையாட்டு ஒதுக்கீட்டுல ஒரு காலேஜ்ல இடம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, ஆகஸ்ட்ல சேரணும். தடை இருந்தா இடம் இல்ல. அவங்க அம்மா ஒரு லாண்டரியில இஸ்திரி போடுறாங்க. ஸ்போர்ட்ஸ் இல்லாம காலேஜ்னா அவங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாதாம்.

"என் மேல கோபமா?"ன்னு கேட்டா. "ஞாபகமே இல்ல, எதை வெச்சுக் கோபப்படுறது?"ன்னேன். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு"ன்னா. "எழும்பினப்புறம்தான் நீ தெரிஞ்ச. அந்த இடத்துல எவளும் நிக்க மாட்டாளே, நீ ஏன் நின்ன? மேலே போனவ எப்படித் திரும்ப முடியும்?"னு கேட்டுட்டு அழுதா. அதுவும் சத்தமில்லாமத்தான் அழுதா, பாவம்.

நீங்க அந்தக் குழுவுல இருக்கீங்க. அவ வேணும்னு மோதினாளா? தடை போடுற அளவுக்குத் தப்பா?

இன்னொண்ணு. நம்ம கட்டடத்துக்குக் கீழ வண்டி நிறுத்துற இடத்துல, அம்மா ஸ்கூட்டர் நிக்கிற இடத்துல, தரையில வெள்ளை டேப் அரைவட்டமா ஒட்டியிருக்காம். மாடி வீட்டு ஆன்ட்டி அது என்னன்னு அம்மாகிட்ட கேட்டிருக்காங்க. நீங்க ஒட்டினதாப்பா?

இப்படிக்கு,
தூண்


ஜூன் 2

அன்புள்ள தூணுக்கு,

ஜோக்குக்கு முன் எச்சரிக்கை கேட்டாய். இந்தக் கடிதத்தில் அது தேவைப்படாது.

அந்த டேப், வண்டியைத் திருப்புவதற்கு வசதியாக ஒட்டியது. உன் அம்மா ஸ்கூட்டரை எடுக்கும்போது தூணில் இடித்துவிடுவாள் என்று ஒட்டினேன். நீ இல்லை, கட்டடத்துத் தூண்.

அந்தப் பெண் விஷயம். குழுச் செயலாளர் என்னிடம் நிபுணர் கருத்து கேட்டிருக்கிறார். விசாரணையில் இருக்கும் விஷயத்தைப் பற்றி நான் வெளியே பேசக் கூடாது. நான் பாதிக்கப்பட்டவளின் அப்பா என்பதால் கருத்தே சொல்லக் கூடாது என்றுகூட ஒரு விதி இருக்கிறது. அதைச் செயலாளரிடம் சொன்னேன். "சார், இந்த விதி தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான், அதனால்தான் கேட்கிறோம்" என்றார். எங்கள் குழு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. இதற்கிடையில் தலைவர் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. என் காதில் விழும்படிதான் அடிபடுகிறது.

நீ கேட்டது விதி பற்றி என்பதால் விதியை மட்டும் சொல்கிறேன். லீக் ஆட்டத்தில் ரிங்குக்கு அடியில் ஓர் அரைவட்டம் போட்டிருப்பார்கள், நாலடி ஆரம். தடுப்பவர் அதற்குள் நின்று மோதலை வாங்கினால் ஃபவுல் தடுப்பவர் மேல்தான். காரணம் எளிது: அந்த இடத்தில் வருகிறவர் ஏற்கெனவே காற்றில் இருப்பார், அவரால் நிற்கவும் முடியாது திரும்பவும் முடியாது. அங்கே போய் ஒருவர் நின்றால் இரண்டு பேரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். கல்லூரியிலும் அந்தக் கோடு உண்டு. பள்ளி ஆட்டத்தில் கிடையாது. பள்ளி ஆட்டத்தில் அதற்குள் நிற்பது முறையான இடம்.

உங்கள் ஃபைனல் நடந்தது லீக் அரங்கத்தில். ஆகவே தரையில் கோடு இருந்தது, சட்டத்தில் இல்லை. நீ அந்தக் கோட்டுக்குள் நின்றாய். உனக்கு அந்தக் கோடு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணுவதை நிறுத்து, ஃபேனுக்கு எண்ணெய் போடச் சொல்.

அன்புடன்,
அப்பா


ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபேனுக்கு எண்ணெய் போட்டாச்சு. இப்போ 'டக்' இல்ல. அது இருந்தப்போ நேரம் போறதாவது தெரிஞ்சுது.

(அம்மா: ஒரு விளக்கம். நான் பதினாலு வருஷமாக அந்த ஸ்கூட்டரை ஓட்டுகிறேன். எந்தத் தூணிலும் இடித்தது இல்லை. ஒரு தடவை ஒரு வக்கீல் மேல் இடித்தேன், அது வேண்டுமென்றே. மேலும், உங்கள் அரைவட்டத்தை நேற்று தையல் டேப்பால் அளந்தேன். நடுவிலிருந்து சரியாக நாலடி. ஜூன் 2 கடிதத்தில், 'நாலடி ஆரம்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டில் இதற்கு ஒரு பெயர் உண்டு. உங்களுக்குத் தெரியும்.)

அம்மா எனக்குத் தெரியாம எழுதுறாங்கன்னு நினைக்காதீங்க, எழுதினதை எல்லாம் படிச்சுக் காட்டித்தான் அனுப்புறாங்க.

மாடி வீட்டு ஆன்ட்டி வந்திருந்தாங்க. "உங்கப்பா தலகாணியை நெஞ்சோட கட்டிக்கிட்டு உன்மேல ஓடி ஓடி வந்து மோதிட்டிருந்தாரே, என்ன விளையாட்டு அது?"ன்னு கேட்டாங்க. "எனக்குத் தெரியல ஆன்ட்டி"ன்னேன். உண்மையாவே தெரியல. அவங்க போனப்புறம் அம்மாவை அந்தத் தலகாணியை எடுத்துட்டு வரச் சொன்னேன். அதுல பார்க்கிங் புழுதி வாசனை அடிச்சுது. அதை மோந்து பார்த்தப்போ ஏதோ ஒண்ணு பக்கத்துல வந்துட்டுப் போயிடுச்சு. உங்க குரல் மாதிரி. என்ன சொன்னீங்கன்னு பிடிபடல.

நெட்டை கேட்டது திரும்பத் திரும்ப வருது. எவளும் நிக்காத இடத்துல நான் ஏன் நின்னேன்? பள்ளி விதிப்படி சரின்னு எழுதியிருக்கீங்க. அந்த விதி எனக்கு எப்படித் தெரியும்? எங்க கோச்சுக்கே தெரியாதாம், கேட்டுட்டேன்.

அப்பா, அந்த ரெண்டு நாள்ல எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க?

இப்படிக்கு,
தூண்


ஜூன் 25

அன்புள்ள மகளுக்கு,

இதைப் படித்துக் காட்டப்போகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒரு கமா மாற்றாமல் படிக்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்ததும் உன்னைக் கீழே கூட்டிப் போனேன். டேப்பால் அரைவட்டம் போட்டேன். "பெரியவங்க ஆட்டத்துல இதுக்குள்ள நின்னா ஃபவுல் உன்மேல. உன் ஆட்டத்துல இதுக்குள்ள நின்னா ஃபவுல் அவ மேல. ஃபைனல் லீக் அரங்கத்துல நடக்குது. கோட்டைப் பார்த்ததும் மத்தவங்க பயந்து வெளியே நிப்பாங்க. நீ உள்ளே நில்லு. நெட்டைக்கு ஏற்கெனவே நாலு ஃபவுல் ஆகியிருந்தா அஞ்சாவது இது, வெளியே போயிடுவா. சும்மா கிடைக்கிறதை ஏன் விடணும்?" இதுதான் நான் சொன்னது. சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷம் விதிப்புத்தகம் படித்தவனுக்குத் தன் பிள்ளைக்குக் கொடுக்க அதில் ஒரு ஓட்டை கிடைத்துவிட்டது.

நீ கேட்டாய்: "அவ கீழ விழுந்துட்டா?" நான் சொன்னேன்: "அது அவ கவலை." "நான் விழுந்தா?" என்றாய். "விழவும் சொல்லித் தர்றேன், அதுதான் ரெண்டாவது பாடம்" என்றேன். மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, கையைத் தட்டி, முதுகால் உருள வேண்டும். பின்மண்டை தரையில் படவே கூடாது. அப்போது லீக்கிலிருந்து போன் வந்தது. இருபது நிமிடம் பேசினேன். திரும்பி வந்தபோது நீ மாடிக்குப் போயிருந்தாய், தலையணை மட்டும் அரைவட்டத்துக்குள் கிடந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் எனக்கு ரயில்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பி.டி. டீச்சர் எங்கள் குழுவுக்கு எழுதியிருந்தார். பள்ளி ஆட்டத்துக்கும் அந்த அரைவட்டம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் ஏதாவது ஒரு பிள்ளைக்கு மண்டை உடையும் என்று. குழு என்னைப் பதில் எழுதச் சொன்னது. 'பள்ளி மாணவர்களின் வேகமும் எடையும் உயரமும் இத்தகைய கோட்டை அவசியமாக்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை' என்று எழுதினேன். அழகான வாக்கியம் என்று தோளில் தட்டினார்கள். டீ வந்தது. ஒரு பள்ளிப் பிள்ளையைக்கூட யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு வீட்டிலேயே ஒன்று இருந்தது, அதையும் நான் பார்க்கவில்லை.

வீடியோவில் அந்தப் பெண்ணின் முகம் தெரிகிறது. காற்றில் இருக்கும்போது உன்னைப் பார்க்கிறாள். கையை மடக்கிக்கொள்ளப் பார்க்கிறாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதைக் குழுவுக்கும் எழுதுகிறேன். அந்தத் தடை நிற்காது. அவளிடம் சொல்.

அடுத்த மாதக் கடைசியில் வருகிறேன். இந்தத் தடவை தொடரைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை.

அப்பா


ஜூலை 5

அன்புள்ள தூணுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அதை நான் எதிர்பார்த்ததுதான்.

குழுவுக்கு என் கருத்தை நேற்று அனுப்பிவிட்டேன். மூன்று வரைவு எழுதிப் பார்த்து, கடைசியில் சுருக்கமாக முடித்தேன். நீளமாக எழுதினால் அவர்கள் படிப்பதில்லை. அதில் பொய்யாக ஒரு சொல்கூட இல்லை.

இங்கே வெயில் குறையவில்லை. நான் வரும்போது என்ன வாங்கி வரட்டும்? சத்தம் போடாததாக ஏதாவது சொல்.

அன்புடன்,
அப்பா


ஜூலை 19

அப்பாவுக்கு,

(அம்மா: 'அன்புள்ள' என்று எழுதவா என்று கேட்டேன். சாட்சி பதில் சொல்லவில்லை. நானாக எதையும் சேர்க்கக் கூடாது, விட்டுவிட்டேன்.)

முதல்ல, தலைவரானதுக்கு வாழ்த்து. உங்க குழு உத்தரவோட முதல் பக்கத்துல போட்டிருந்துச்சு.

நேத்து நெட்டை வந்தா. ஞாயித்துக்கிழமை இல்ல, அதனால அவ குரலைக் கேட்டதுமே பயமா இருந்துச்சு. உத்தரவைக் கையில வெச்சிருந்தா. அம்மா வாங்கிப் படிக்கப் போனாங்க. "வேணாம் ஆன்ட்டி, நானே படிக்கிறேன்"னு சொல்லி, குனிஞ்சு, என் காதுக்குப் பக்கத்துல மெதுவாப் படிச்சா. ஒரு வருஷத் தடை உறுதி. காரணம், நிபுணர் கருத்து. அது ஒரே வரி. 'பள்ளி நிலை விதிகளின்படி தடுப்பாளர் நின்ற இடம் முறையானது. மோதலுக்கான பொறுப்பு பந்துடன் வந்தவரையே சாரும்.' கீழ உங்க பேர்.

படிச்சு முடிச்சுட்டு, "போர்வை நழுவியிருக்கு, வெளிச்சம் வருது"ன்னு சொல்லி ஜன்னலைச் சரி பண்ணிட்டுப் போயிட்டா.

நான்தான் அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். உங்க நாலு பக்கக் கடிதம் வந்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையே சொன்னேன். எல்லாம் சரியாயிடும், எங்கப்பா எழுதிட்டாரு, அவர் எழுதினா எழுதினதுதான்னு. அவ அன்னிக்குத்தான் முதல் தடவையா இந்த ரூம்ல சிரிச்சா.

அந்த நாலு பக்கத்தைக் கேட்டு நான் அழுதேன். 'சாட்சி அழுகிறார்'னு குறிச்சுக்கவான்னு அம்மா கேட்டாங்க, அழுதுட்டே சிரிச்சேன். உங்க மேல கோபமே வரல. ஆச்சரியமா இருந்துச்சு, தேடிப் பார்த்தேன், இல்ல. விழச் சொல்லித் தர்றதுக்குள்ள போன் வந்துடுச்சு, அவ்வளவுதானேன்னு இருந்துச்சு. மூணு வாரம் பதில் எழுதாததுக்குக் காரணம் கோபம் இல்ல. என்ன எழுதினா உங்களுக்குக் கஷ்டமா இருக்காதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்.

நீங்க சொன்னது சரி. அந்த ஒரு வரியில பொய் இல்ல. எனக்கு எழுதின நாலு பக்கத்துலயும் பொய் இல்ல. வீட்டுக்கு ஒரு உண்மை, குழுவுக்கு ஒரு உண்மை. படிக்குப் படி வேறன்னு முதல் கடிதத்துலயே எழுதிட்டீங்க. நான்தான் ஜோக்குன்னு நினைச்சுச் சிரிச்சுட்டேன்.

அதனால நான் ஒண்ணு செஞ்சுட்டேன். அந்த நாலு பக்கத்தையும் இன்னிக்குக் காலையில குழுவுக்குப் பதிவுத் தபால்ல அனுப்பியாச்சு. கூடவே என் வாக்குமூலம் ஒரு பக்கம், நான் சொல்ல அம்மா எழுதினது. தலைவர் பேருக்குத்தான் அனுப்பணுமாம். அதனால முதல்ல உங்க மேசைக்குத்தான் வரும். நீங்களே பிரிச்சுப் படிப்பீங்க.

இன்னொரு நகல் நெட்டையோட பி.டி. டீச்சருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி அரைவட்டம் கேட்டு எழுதினது அவங்கதானாம். உங்க அழகான வாக்கியத்தை இன்னும் பத்திரமா வெச்சிருக்காங்களாம்.

(அம்மா: இரண்டிலும் 'உண்மை நகல்' என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். யோசித்துத்தான் போட்டேன். ஒரு சுருக்கெழுத்தர் இருக்கிற வீட்டுக்கு நாலு பக்கம் எழுதி அனுப்புகிறவர், அதற்கு நகல் எடுத்து வைத்திருப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதியிருப்பார் என்று இன்னும் கொஞ்சம் நம்புகிறேன். இது என் சொந்தக் கருத்து, பதிவில் சேராது.)

மாசக் கடைசியில வர்றேன்னு எழுதியிருந்தீங்க. வேணாம். எனக்கு எதுவும் வாங்க வேணாம். நெட்டைக்கு இடம் கிடைக்குதா இல்லையான்னு ஆகஸ்ட்ல தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் பார்க்கலாம். அப்பவும் வான்னு எழுதுவேனான்னு இப்பச் சொல்லத் தெரியல.

நேத்து ராத்திரி அந்தத் தலகாணியை வெச்சுக்கிட்டுப் படுத்தேன். எல்லாம் வந்துடுச்சு. டேப்பைக் கிழிக்கிற சத்தம், உங்க சட்டை மடிப்பு, நீங்க ஓடி வரும்போது சிரிச்சது. ஒவ்வொரு தடவை மோதும்போதும் "நகராதே, நகராதே"ன்னீங்க.

நான் நகரல. நீங்க நகர்ந்துட்டீங்கப்பா.

கையெழுத்து மட்டும் நானே போடுறேன். கோணலா இருக்கும்.

தூண்

(அம்மா: இன்று சாயங்காலம் கீழே போய் அந்த டேப்பைச் சுரண்டி எடுத்தேன். டேப் வந்துவிட்டது, பசை வரவில்லை. மண்ணெண்ணெய் போட்டும் பார்த்தேன். அதில் புழுதி ஒட்டி, அரைவட்டம் இப்போது முன்னைவிடக் கறுப்பாக, மாடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. ஸ்கூட்டரை வேறு இடத்தில் நிறுத்துகிறேன்.)